சாவின் மேல் கட்டிய பந்தயம்

புகழ்பெற்றவர்களில் இந்த வருடம் யார் யார் இறந்துபோவார்கள் என்று முன்கூட்டியே பெயர் எழுதிக் கொடுக்கும் ஆட்டம் ஒன்று மேற்கு நாடுகளில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. ஆங்கிலத்தில் அதை டெட் பூல் என்பார்கள். வருடம் பிறப்பதற்குள் ஒவ்வொருவரும் தம் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது. பட்டியலில் உள்ளவர் இறந்த செய்தியைப் பத்திரிகையோ தொலைக்காட்சியோ உறுதிப்படுத்தினால்தான் புள்ளி. பல ஆட்டங்களில் நூறிலிருந்து இறந்தவரின் வயதைக் கழித்தால் வருவதே அந்தப் புள்ளி. தொண்ணூறு வயதுக்காரர் இறந்தால் 10, நாற்பது வயதுக்காரர் இறந்தால் 60. பிரித்தானியாவில் 1987இல் தொடங்கிய டெத்லிஸ்ட் ஆண்டுதோறும் 50 பெயர்களை வெளியிடுகிறது. 1988இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்த படம் ஒன்றுக்கு இந்த ஆட்டத்தின் பெயரையே வைத்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரிந்த டெட்பூல் என்ற மார்வெல் கதாபாத்திரத்தின் 2016ஆம் ஆண்டுப் படத்தில், மதுக்கடையில் யார் முதலில் சாவார் என்று பந்தயம் எழுதிவைத்த பலகை ஒன்று வருகிறது.

இணையம் இந்த ஆட்டத்தைப் பரப்பியது, உண்டாக்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டு ரோமாபுரியில் பாப்பரசர் எப்போது இறப்பார், அடுத்து யார் வருவார் என்று வியாபாரிகள் வெளிப்படையாகவே பந்தயம் கட்டினார்கள். அது அளவுக்கு மீறிப் போனதால் 1591 மார்ச்சில் பதினான்காம் கிரகோரி, பாப்பரசர் தேர்தல் மீதும் பாப்பரசரின் ஆட்சிக்காலம் மீதும் பந்தயம் கட்டுபவர்களைத் திருச்சபையிலிருந்து விலக்குவதாக ஆணையிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவரே இறந்துவிட்டார்.

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் இது பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு. வைட்ஸ் என்ற மன்றத்தில் பந்தயங்களை எழுதிவைக்கவே தனிப் புத்தகம் இருந்தது. அதில் ஒரு பதிவு, நடிகரும் அரசவைக் கவிஞருமான கோலி சிபரைவிட, பாத் நகரின் ஆடம்பரப் பிரமுகர் போ நாஷ் அதிக காலம் வாழ்வார் என்று மொன்ட்ஃபோர்ட் பிரபு, சர் ஜோன் பிளாண்டிடம் கட்டியது. சிபர் 1757இலும் நாஷ் 1761இலும் இறந்தார்கள். ஆகவே மொன்ட்ஃபோர்ட் சொன்னதுதான் நடந்தது. ஆனால் அதைக் கேட்க அவர் இல்லை. பந்தயம் கட்டிய இருவருமே 1755இல் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள். அதே மன்றத்து வாசலில் ஒருவர் சுருண்டு விழுந்தபோது, ஆள் செத்தாரா இல்லையா என்று உள்ளேயிருந்தவர்கள் பந்தயம் கட்டியதாகவும், மருத்துவம் செய்தால் பந்தயம் கெட்டுவிடும் என்று தடுத்ததாகவும் ஹொரேஸ் வால்போல் 1750இல் கடிதம் எழுதியிருக்கிறார். மிகைப்படுத்திச் சொல்லியிருந்தாலும், அப்படி ஒரு கதை நம்பும்படி இருந்ததே அந்தக் காலத்தைக் காட்டுகிறது.

ஆயுள் காப்புறுதி வந்ததும் பந்தயத்துக்குப் புதிய சட்டை கிடைத்தது. முன்பின் தெரியாத ஒரு பிரபு நோயில் படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டால், அவர் பெயரில் யாரும் காப்புறுதி எடுக்கலாம். அவர் செத்தால் பணம். 1743இல் இரண்டாம் ஜோர்ஜ் மன்னர் டெட்டிங்கன் போர்க்களத்துக்குப் போனபோது, அவர் உயிரோடு திரும்புவாரா என்பதன் மீதும் பணம் வைத்தார்கள். 1774இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஒருவர் இறந்தால் தனக்கு உண்மையான இழப்பு உண்டாகும் என்ற நிலையில் இருப்பவர் மட்டுமே அந்த உயிரின் மீது காப்புறுதி எடுக்கலாம் என்றது அந்தச் சட்டம். மனைவி கணவன் பெயரில் எடுக்கலாம். கடன் கொடுத்தவர் கடனாளியின் பெயரில் எடுக்கலாம். தெருவில் போகிறவர் மன்னர் பெயரில் எடுக்க முடியாது. இழப்பு இல்லாதவனுக்குச் சாவில் பங்கில்லை என்ற இந்தக் கோடு, சட்டங்கள் இதுவரை போட்ட நல்ல கோடுகளில் ஒன்று.

அந்தக் கோடு இலங்கைக்கும் வந்தது. ஆயுள் காப்புறுதி, தீக் காப்புறுதி விடயங்களில் இங்கிலாந்தின் சட்டமே இலங்கையிலும் செல்லும் என்று 1866ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. அப்போது மலைநாட்டில் கோப்பிக் காலம். தேயிலை வந்த பிறகு 1875இல் நுவரெலியாவில் குதிரைப் பந்தயம் தொடங்கியது; மறு வருடம் ஹில் கிளப் திறக்கப்பட்டது. துரைமாரின் பந்தய ஆசைக்கு அங்கே குதிரைகள் இருந்தன. இன்றும் ஹட்டன் போன்ற நகரங்களில் இங்கிலாந்துக் குதிரைகளின் மீது பணம் கட்டும் புக்கிக் கடைகளில் தோட்டத்து இளைஞர்கள் சம்பளத்தை விடுகிறார்கள். மனித உயிரின் மீது பணம் கட்டும் பழக்கம் மட்டும் இந்த மலைகளில் வேர்விடவில்லை. பிரமுகரின் சாவு இங்கே வேறு வடிவத்தில் முன்னறிவிக்கப்பட்டது: சாபமாகவும் சோதிடமாகவும்.

அதில் மிகப் பழைய கதை மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸுடையது. இலங்கை ரைபிள் படைப்பிரிவைச் சேர்ந்த அவர், பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதவானாகவும் இருந்தார். ஊவாவில் பாதைகள் வெட்டியவர் என்று பெயர் எடுத்தார். அதைவிடப் பெரிய பெயர் யானை வேட்டையில். அவர் கொன்ற யானைகள் 1,400க்கு மேல் என்று சொல்லப்படுவதை எமர்சன் டெனன்ட் 1859இல் வெளிவந்த தம் நூலில் குறித்திருக்கிறார். அன்றைய அரசாங்கம் யானையைப் பயிரழிக்கும் பிராணியாகக் கருதிக் கொன்றவருக்குப் பரிசு கொடுத்தது. ஆகவே அந்த எண்ணிக்கை வெட்கத்துக்கு உரியதாக அல்ல, சாதனையாகவே பேசப்பட்டது. 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி ரொஜர்ஸ் இறந்தார். வயது 41. அவரை நுவரெலியாவில் புதைத்தார்கள். நண்பர்கள் அவர் நினைவாகப் பதுளையில் புனித மார்க் தேவாலயத்தைக் கட்டினார்கள்.

நுவரெலியாவில் கொல்ப் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கல்லறையின் கல் பிளந்திருக்கிறது. அதன் மேலும் மின்னல் விழுந்தது, ஒரு தடவை அல்ல, பல தடவை என்று ஊரில் சொல்வார்கள். யானைகளைக் கொன்ற பாவம் அவரைச் சும்மா விடாது என்று முன்பே சாபம் விழுந்திருந்ததாகவும் கதை உண்டு. இந்தக் கதையைச் சரியாக வாசிக்க வேண்டும். மின்னல் விழுவதற்கு முன் அந்தச் சாபத்தை யாரும் ஏட்டில் பதிந்துவைக்கவில்லை. மரணம் நடந்த பிறகு அதற்குக் காரணம் தேடிய மக்கள், காரணத்தைத் தீர்க்கதரிசனமாக முன்னுக்குத் தள்ளிவைத்தார்கள். ஆயிரம் யானைகளைக் கொன்றவனைத் தட்டிக்கேட்க எந்தக் கச்சேரியும் இல்லாத நாட்டில், வானம் கேட்டது என்று நம்புவது அவர்களுக்குத் தேவையாக இருந்தது. பிரமுகர் மரணம் பற்றிய ஆரூடங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். பலித்த பிறகே அவை பிறக்கின்றன.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் சாவை முன்னறிவிப்பது வேறு விதம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கோடங்கியையும் குறிசொல்லியையும் கூடவே கொண்டுவந்தார்கள். நோய் நீண்டால் உடுக்கை அடித்துக் கேட்பார்கள். நாய் ஊளையிட்டால், ஆந்தை கூரையில் உட்கார்ந்தால் மனம் பதறும். இந்த முன்னறிவிப்பில் விளையாட்டு இல்லை. சாகப்போகிறவர் பக்கத்துக் காம்பராவில் இருக்கிறார். தாயாகவோ மாமனாகவோ இருக்கிறார். தப்புச் சத்தம் கேட்டதும் இழவு எந்த லயத்தில் என்று மலையிலிருந்தே விசாரிப்பார்கள். தோட்டங்களில் மரணத்துக்கென்று பணம் சேரும் இடம் ஒன்று உண்டு: மரண உதவிச் சங்கம். மாதாமாதம் சம்பளத்தில் ஒரு சிறு தொகை பிடிக்கப்படும். சாவு விழுந்த வீட்டுக்குப் பெட்டி, பந்தல், சாப்பாட்டுச் செலவுக்கு அது போகும். எல்லோரும் பணம் போடுகிறார்கள், யார் வீட்டுச் சாவு முதலில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை டெட் பூலும் இதுவும் ஒன்றுதான். பணம் போய்ச் சேரும் இடத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. ஆட்டத்தில் அது சரியாகச் சொன்னவனுக்கு. தோட்டத்தில் அது இழந்தவனுக்கு. 1774ஆம் ஆண்டுச் சட்டம் எழுதிவைத்த கோட்டை, அந்தச் சட்டத்தை அறியாமலே தோட்டத்து மக்கள் கடைப்பிடித்தார்கள்.

தூரத்துப் பிரமுகரின் மரணம் லயத்துக்கு வானொலி வழியாக வந்தது. இலங்கை வானொலியின் மரண அறிவித்தல்கள் கேட்காத வீடு மலையகத்தில் அன்று குறைவு. அதில் சொன்னால் செத்தது உண்மை. அந்த வழக்கத்தைக் கலங்கடித்தது 1984. கண்டிச் சீமையில் நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்தவர் என்பதால், எம்.ஜி.ஆரை மலையகம் தன் பிள்ளையாகவே கொண்டாடியது. தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த அவர் 1984 அக்டோபரில் சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். பிறகு அமெரிக்காவில் புரூக்ளினுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றார். அந்த மாதங்களில் தமிழ்நாட்டில் தேர்தல். அவர் ஏற்கெனவே இறந்துவிட்டார், கட்சி மறைக்கிறது என்ற பேச்சு பரவியது. அவர் படுக்கையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் படம்பிடித்துக் காட்டித்தான் கட்சி அதற்குப் பதில் சொன்னது. ஊரில் இல்லாமலே ஆண்டிபட்டியில் வென்ற எம்.ஜி.ஆர் 1985 பெப்ரவரியில் திரும்பிவந்தார். 1987 டிசம்பர் 24ஆம் திகதி இறந்தார். அதற்கு முன்பு 1979இலும் இந்தியாவில் இப்படி நடந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண் இறந்துவிட்டதாகப் பிரதமர் மொரார்ஜி தேசாய் மக்களவையில் அறிவித்து, அவையும் அஞ்சலி செலுத்தியது. ஜே.பி. மேலும் ஆறு மாதத்துக்கு மேல் உயிரோடிருந்தார்.

இன்று வதந்தி வட்ஸ்அப்பில் வருகிறது. 2020 ஜூனில் பாடகி எஸ். ஜானகி இறந்துவிட்டார் என்ற பொய் பரவியபோது, எஸ்.பி. பாலசுப்ரமணியம் காணொளி ஒன்றில் தோன்றி அதைக் கடுமையாக மறுத்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் பாலசுப்ரமணியமே கொரோனாத் தொற்றின் பின்விளைவால் மறைந்தார். எந்த வதந்தியும் அதைச் சரியாகச் சொல்லவில்லை.

மலையகத்தின் சொந்தத் தலைவர்களின் சாவுகளும் சொல்லாமல்தான் வந்தன. சௌமியமூர்த்தி தொண்டமான் 1999 அக்டோபர் 30ஆம் திகதி 86 வயதில் காலமானார். அது முதுமையின் மரணம். மலையக மக்கள் முன்னணியின் தலைவர் பெ. சந்திரசேகரன், ஜனாதிபதித் தேர்தலுக்கு இன்னும் சில வாரங்களே இருக்கையில், 2010ஆம் ஆண்டின் முதல் நாளன்று திடீரென்று இறந்தார். 2020 மே 26ஆம் திகதி முதியவர் தொண்டமானின் பேரன் ஆறுமுகன் தொண்டமான் மறைந்தபோது அவருக்கு வயது 55. 56ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாட்களே இருந்தன. தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் என்ற கோரிக்கை அப்போது தீராமல் கிடந்தது. கொரோனாக் கட்டுப்பாடுகளுக்கு இடையே நோர்வூட் மைதானத்தில் இறுதிக்கிரியை நடந்தது. நூறிலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கில் அந்த மரணம் 45 புள்ளி. முதியவர் தொண்டமானின் மரணம் 14. சீக்கிரம் செத்தால் மதிப்பு அதிகம் என்ற அந்தக் கணக்கை நோர்வூட்டில் கூடி அழுதவர்கள் முன் யாரும் சொல்லியிருக்க முடியாது. அந்த ஆட்டத்தை ஆடுபவர் இறப்பவருக்குத் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும்; கிட்டத்தில் போனால் அது ஆட்டமாக இருக்காது.

இலங்கையில் ஆட்சியாளரின் மரணத்தைத் திகதியோடு வெளிப்படையாகச் சொன்ன நிகழ்வு ஒன்று உண்டு. சோதிடம் இந்த நாட்டின் அரசியலில் ஆழமாக ஊன்றியது. 2015 ஜனவரியில் முன்கூட்டியே ஜனாதிபதித் தேர்தல் நடத்தினால் மகிந்த ராஜபக்ச வெல்வார் என்று அவருடைய சோதிடர் சுமணதாச அபேகுணவர்தன கணித்தார், ராஜபக்ச தோற்றார். வென்ற மைத்திரிபால சிறிசேன 2017 ஜனவரி 26ஆம் திகதிக்குள் இறந்துவிடுவார் என்று இன்னொரு சோதிடர் சமூக ஊடகத்தில் காணொளியாகச் சொன்னார். அவர் விஜித ரோஹண விஜேமுனி. 1987 ஜூலை 30ஆம் திகதி கொழும்பில் அணிவகுப்பு மரியாதையின்போது ராஜீவ் காந்தியைத் துப்பாக்கிப் பிடியால் தாக்கிய கடற்படைச் சிப்பாய். அதற்காகச் சிறை சென்று, பொதுமன்னிப்பில் வெளிவந்து, பின்னர் சோதிடரானவர். ஒரு தலைவரை அடிக்கக் கை ஓங்கிய ஒருவர் இன்னொரு தலைவரின் சாவுக்கு நாள் குறித்ததை அரசாங்கம் வெறும் ஆரூடமாகப் பார்க்கவில்லை. குறித்த நாள் வந்து, போனது. ஜனவரி முடிவதற்குள் பொலிஸார் அவரைக் கைதுசெய்தனர். பிறகு பிணையில் விட்டனர்.

மன்னரின் சாவைக் கணிப்பது பல நாடுகளில் இராஜத்துரோகமாகக் கருதப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது: இன்ன நாளில் சாவார் என்று நம்பத் தொடங்கிய நாடு, அவர் ஏற்கெனவே போய்விட்டதாக நடந்துகொள்ளத் தொடங்கும். என்றாலும், கணித்தவரைச் சிறையில் வைப்பது கணிப்புக்கு மதிப்புக் கூட்டுவது போலாகும். அதற்குப் போதுமான மறுப்பு நாட்காட்டியே. சிறிசேன 2019 நவம்பர் வரை ஜனாதிபதியாக இருந்தார். 2020 ஓகஸ்டில் பொலன்னறுவையிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்.