பணிஸும் பால்மாவும் பகல் சோறும்

முன்னேஸ்வரம் சிவன் கோயிலுக்கு 15ஆம் நூற்றாண்டில் கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு நெல்வயல்களை மானியமாக எழுதிவைத்தான். அதைச் சொல்லும் கல்வெட்டும் உண்டு. மன்னன் மாறினாலும் வயல் விளையும், விளைந்தால் மடைப்பள்ளி அடுப்பு எரியும் என்பதே அத்தகைய மானியங்களின் கணக்கு. பிற்பாடு போர்த்துக்கேயர் வந்து கோயிலையே இடித்தார்கள். ஆனாலும் அடுப்புக்கு வயல் என்ற அந்த ஏற்பாட்டில் குழப்பம் எதுவும் இல்லை.

சிலாபத்தையும் முன்னேஸ்வரத்தையும் சுற்றியுள்ள ஊர்களில் பாடசாலைப் பிள்ளைகள் உண்ட சோற்றுக்கு அப்படியொரு வயல் ஒருநாளும் இருந்ததில்லை. கொழும்புத் திறைசேரி ஆண்டுதோறும் ஒதுக்கும் பணத்தை நம்பியே அது வந்தது. சோறு பணிஸாகி, பணிஸ் முத்திரையாகி, மறுபடி சோறானதும், நடுவில் அடியோடு நின்றதும் அந்தப் பணத்தின் போக்கில்தான்.

ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் உணவு கொடுக்க வரிப்பணத்தைச் செலவிடலாம் என்று பிரிட்டன் 1906இல் சட்டம் இயற்றியது. 1920இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. இலங்கையில் 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. கூலிக்காரனின் வாக்கைக் கேட்டு வந்தவர்கள் அவன் பிள்ளையின் பசியையும் அரசாங்க சபையில் பேச வேண்டியதாயிற்று. அந்தப் பத்தாண்டில்தான் பாடசாலைகளில் பகலுணவு வேர்பிடித்தது.

பசி எப்படி இருக்கும் என்பதைச் சிலாபம் பகுதி 1934 கடைசியில் கண்டது. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயா ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்க, அந்த நீரில் நுளம்பு பெருகியது. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து, வறட்சியில் விளைச்சலும் இழந்திருந்த வீடுகளுக்குள் மலேரியா புகுந்தது. அடுத்த சில மாதங்களில் தீவு முழுவதும் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். அரைவயிற்றோடு கிடந்த பிள்ளைகள் எளிதில் பலியானார்கள். அப்போது கிராமம் கிராமமாக மருந்தும் உணவும் சுமந்து சென்றவர்களில் சூரியமல் இயக்கத்து இளைஞர்களும் உண்டு. அவர்களில் முன்னின்றவர்கள் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள்.

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, பாடசாலைச் சோறு ஒரு பிரதமரின் பதவி போவதற்கே ஒரு காரணமானது. கொரிய யுத்த காலத்தில் உயர்ந்த இறப்பர் விலை சரிந்ததும் திறைசேரியின் கை இறுகியது. 1953 ஜூலையில் டட்லி சேனாநாயக்க அரசாங்கம், நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தனவின் திட்டப்படி, கூப்பன் அரிசியை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. அதோடு பாடசாலைகளின் இலவசப் பகலுணவையும் நிறுத்தியது. வீட்டில் அரிசி எட்டாத விலைக்குப் போன அதே வேளையில் பாடசாலைச் சோறும் இல்லையென்றானது.

ஆகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தார்கள். சமசமாஜக் கட்சியே முன்னணியில் நின்றது. கடைகள் மூடின, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. அக்டோபரில் டட்லி பதவி விலகினார். அரிசி விலை பின்னர் ஓரளவு இறங்கியது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் இதற்கு நேர்மாறாக நடந்தது. இலங்கை பகலுணவை வெட்டிய மூன்றாம் ஆண்டில், 1956இல், காமராசர் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார்.

இலங்கையிலும் 1956 ஆட்சி மாற்றத்தின் ஆண்டு. பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் கல்வியமைச்சரான விஜயானந்த தஹநாயக்க, பிள்ளைகளுக்கு ஒரு பணிஸும் ஒரு குவளைப் பாலும் கொடுக்க ஏற்பாடு செய்தார். சோறென்றால் அடுப்பு, விறகு, பாத்திரம், சமைக்க ஆள் எல்லாம் வேண்டும். பணிஸை பேக்கரியிலிருந்து கூடையில் கொண்டுவந்து எண்ணிக் கொடுத்தால் போதும். பால்மாவுக்குச் சுடுநீர் போதும். பின்னாளில் அவர் நாட்டின் பிரதமரும் ஆனார். மக்கள் வாயில் நிலைத்த பெயர் என்னவோ ‘பணிஸ் மாமா’தான்.

1989இல் ஜனாதிபதி பிரேமதாச பகலுணவைத் திரும்பக் கொண்டுவந்தபோது அதன் உருவம் மறுபடி மாறியது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு மூன்று ரூபா பெறுமதியான உணவு முத்திரை கிடைத்தது. அதுவும் நீடிக்கவில்லை. 2000க்குப் பிறகு போர் நடந்த வடக்கு கிழக்கில் உலக உணவுத் திட்டத்தின் உதவியோடும், 2006 முதல் கல்வியமைச்சின் போஷாக்குத் திட்டமாகவும் சமைத்த உணவு பாடசாலைக்குத் திரும்பியது.

இன்றைய முறையில் ஊரிலுள்ள தாய்மாரோ சிறு வழங்குநர்களோ வீட்டில் சமைத்துப் பாடசாலைக்குக் கொண்டுவருகிறார்கள். ஒருநாள் சோறும் பருப்பும் கீரைச் சுண்டலும், இன்னொருநாள் முட்டை அல்லது நெத்தலி, வேறொருநாள் அவித்த பயறு. சாமான்களை முதலில் தம் கைக்காசிலோ கடனிலோ வாங்குவார்கள். பணம் பிறகுதான் வரும். பல வருடங்கள் பிள்ளை ஒன்றுக்குக் கிடைத்தது 30 ரூபா. 2022 நெருக்கடியில் ஒரு முட்டையே 50 ரூபாவைத் தாண்டியபோது, சமைத்தவர்கள் பலர் கைவிட்டார்கள். காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழும் செய்திகள் பத்திரிகைகளில் வந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு மதிய உணவோடு காலை உணவையும் சேர்த்துக்கொண்டது.

அதன்பின் இலங்கையில் ஒரு வேளைக்கான தொகை படிப்படியாக 100 ரூபாவைத் தாண்டியது. 2024 மார்ச்சில் தரம் ஒன்று முதல் ஐந்து வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று திட்டம் விரிந்தது. சுமார் 9,100 பாடசாலைகள், 16 இலட்சம் பிள்ளைகள். ஆனால் ஐந்தாம் தரத்தோடு எல்லை முடிகிறது. புலமைப்பரிசில் பரீட்சை எழுதி ஆறாம் தரத்துக்கு ஏறும் பிள்ளைக்கு, பெரும்பாலான பாடசாலைகளில், மதியச் சோறு மறுபடி வீட்டிலிருந்துதான் வரவேண்டும்.