அமெரிக்க அமெச்சூர் கார் பந்தயமும் தொடக்கநிலை உரிமமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பரிசுப் பணத்துக்காக அல்லாமல் விருப்பத்துக்காகக் கார் பந்தயத்தில் இறங்குபவர் முதலில் பெறும் ஆவணம் 'நாவிஸ் பெர்மிட்' எனப்படும் தொடக்கநிலை உரிமம் ஆகும். சாலையில் வண்டி ஓட்டும் உரிமத்தை மாநில அரசு வழங்குகிறது. பந்தய உரிமத்தை வழங்குவது ஓட்டுநர்களே உறுப்பினராக உள்ள சங்கம். இத்தகைய சங்கங்களுள் முதன்மையானது ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா. தொடக்கத்தில் அறிமுகத்தின் பேரில் நடந்த ஒரு விளையாட்டு, விபத்துகளுக்குப் பின் பயிற்சியையும் தேர்வையும் அடிப்படையாகக் கொண்டதாக மாறியதன் வரலாறே இந்த உரிமத்தின் வரலாறு.

சங்கத்தின் தோற்றம்

1933-ஆம் ஆண்டில் காலியர் சகோதரர்கள் நண்பர்களுடன் சேர்ந்து ஒரு கார் பந்தயச் சங்கத்தைத் தொடங்கினர். இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல், அது கலைக்கப்பட்டது. 1944 பிப்ரவரியில் பாஸ்டன் நகரில் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் உருவானது. பழைய விளையாட்டுக் கார்களைப் பாதுகாப்பதும் அவற்றை ஓட்டி மகிழ்வதுமே அதன் முதல் நோக்கம். வசதி படைத்தவர்களும் ஒருவரையொருவர் அறிந்தவர்களும் கூடிய சிறு வட்டமாக அது இருந்தது. போர் முடிந்தபின் எம்.ஜி. போன்ற பிரிட்டிஷ் கார்கள் அமெரிக்காவில் பரவின. அவற்றைப் பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்ற ஆர்வமும் கூடவே வளர்ந்தது.

பொதுச்சாலைப் பந்தயங்கள்

1948 அக்டோபர் 2 அன்று நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் ஊரில் ஒரு பந்தயம் நடந்தது. அதை முன்னின்று ஏற்பாடு செய்தவர் சட்ட மாணவரான கேமரன் ஆர்கெட்சிங்கர். 6.6 மைல் நீளமுள்ள அந்தத் தடம் ஊரின் தெருக்கள் வழியாகவும், ரயில் பாதையைக் குறுக்கே கடந்தும் சென்றது. பார்வையாளர்கள் சாலை ஓரத்திலேயே நின்றனர்.

1950-இல் அதே தடத்தில் ஃபெராரி ஓட்டிய சாம் காலியர் விபத்தில் இறந்தார். 1952-இல் கூட்டத்தின் மீது ஒரு கார் உரசியதில் ஒரு சிறுவன் உயிரிழந்தான், பலர் காயமடைந்தனர். ஊருக்குள் பந்தயம் நடத்துவது அத்துடன் நின்றது. விஸ்கான்சின் மாநிலத்தின் எல்கார்ட் லேக் ஊரிலும் 1952-க்குப் பிறகு பொதுச்சாலைப் பந்தயம் நடைபெறவில்லை.

1952 முதல் 1954 வரை விமானப் படைத் தளபதி கர்டிஸ் லெமே தம் பொறுப்பிலிருந்த விமானதளங்களைப் பந்தயங்களுக்குத் திறந்துவிட்டார். அகன்ற ஓடுபாதைகளில் பார்வையாளர்களைத் தொலைவில் நிறுத்த முடிந்தது. பின்னர் பந்தயத்துக்கென்றே தடங்கள் கட்டப்பட்டன. எல்கார்ட் லேக்கில் 4 மைல் நீளமுள்ள ரோடு அமெரிக்கா 1955-இலும், வாட்கின்ஸ் கிளெனின் நிரந்தரத் தடம் 1956-இலும் திறக்கப்பட்டன.

ஓட்டுநரைச் சோதிக்கும் தேவை

தடத்தை மாற்றியதால் பார்வையாளர்களுக்கான ஆபத்து குறைந்தது. ஓட்டுநர்களுக்கான ஆபத்து அப்படியே இருந்தது. 1955-இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் 80-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த ஆண்டே அமெரிக்கன் ஆட்டோமொபைல் அசோசியேஷன் பந்தயங்களை நெறிப்படுத்தும் பொறுப்பிலிருந்து விலகியது. பந்தயமே வேண்டாம் என்ற குரல்கள் எழுந்த காலத்தில், தங்கள் ஓட்டுநர்கள் தகுதியுடையவர்கள் என்று காட்ட வேண்டிய கட்டாயம் சங்கங்களுக்கு இருந்தது.

1956-இல் கலிபோர்னியாவில் பீட் ஸ்னெல் என்ற அமெச்சூர் ஓட்டுநர் கார் கவிழ்ந்து தலைக்காயத்தால் இறந்தார். அவர் தலைக்கவசம் அணிந்திருந்தும் அது காப்பாற்றவில்லை. 1957-இல் அவர் பெயரில் நிறுவப்பட்ட ஸ்னெல் அறக்கட்டளை தலைக்கவசங்களைச் சோதித்துத் தரச்சான்று வழங்கத் தொடங்கியது. புதிதாக வரும் ஓட்டுநர் வாங்க வேண்டிய தலைக்கவசத்தில் பார்க்கப்படும் முத்திரைகளுள் ஸ்னெல் முத்திரை இன்றும் முக்கியமானது.

உரிமம் பெறும் முறை

பல பத்தாண்டுகள் வழக்கிலிருந்த முறை பின்வருமாறு. விண்ணப்பதாரர் சங்கத்தில் உறுப்பினராகி, மருத்துவச் சான்றுடன் விண்ணப்பிப்பார். அவருக்குத் தொடக்கநிலை உரிமமும் ஒரு பதிவேடும் தரப்படும். பின்னர் ஓட்டுநர் பயிற்சி முகாம்களில் கலந்துகொள்வார். வகுப்பறையில் கொடிகளின் பொருள் கற்பிக்கப்படும்: மஞ்சள் கொடி அசைந்தால் முந்தக் கூடாது, கறுப்புக் கொடி காட்டப்பட்டால் தடத்தை விட்டு வர வேண்டும், சிவப்புக் கொடி தெரிந்தால் பந்தயம் நிறுத்தப்பட்டது. தடத்தில் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் அவரைக் கவனித்துப் பதிவேட்டில் கையொப்பமிடுவர்.

இரண்டு முகாம்களை முடித்தவர் தொடக்கநிலை உரிமத்துடன் வட்டாரப் பந்தயங்களில் ஓடலாம். அவற்றை ஒழுங்காக முடித்தால் வட்டார உரிமமும், மேலும் அனுபவம் பெற்றால் தேசிய உரிமமும் கிடைக்கும். வேகமாக ஓட்டுவது இங்கு முதல் அளவுகோல் அன்று. கண்ணாடியைப் பார்க்கிறாரா, கொடிக்குக் கீழ்ப்படிகிறாரா, பிறருக்கு இடம் விடுகிறாரா என்பதே பார்க்கப்பட்டது. பயிற்றுநர்களும் கொடி காட்டுபவர்களும் பெரும்பாலும் ஊதியம் பெறாத உறுப்பினர்களே.

பிற்கால மாற்றங்கள்

1960-களில் தனியார் பயிற்சிப் பள்ளிகள் தோன்றின. 1968-இல் பாப் பாண்டுரன்ட் தொடங்கிய பள்ளி அவற்றுள் புகழ்பெற்றது. அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் சான்றிதழைச் சங்க முகாமுக்கு மாற்றாக ஏற்கும் வழக்கமும் வந்தது.

நடிகர் பால் நியூமன் இந்தப் பாதையில் வந்தவர்களுள் ஒருவர். 'வின்னிங்' திரைப்படத்துக்காகப் பாண்டுரன்டிடம் பயிற்சி பெற்ற அவர், 1972-இல் தம் 47-ஆம் வயதில் அமெச்சூர் பந்தயங்களில் ஓடத் தொடங்கினார். 1976-இல் டிரையம்ஃப் டி.ஆர்.6 காரில் முதல் தேசியப் பட்டத்தை வென்றார். 1986-க்குள் அத்தகைய பட்டங்கள் நான்கு ஆயின. திரையில் பெற்ற புகழ் தடத்தில் அவருக்குச் சலுகை எதையும் தரவில்லை. வட்டாரப் பந்தயங்களில் தொடங்கித்தான் அவரும் தேசியப் போட்டிக்கு வந்தார்.