கூரை இடிந்த குகைகள் கூறும் வரலாறு



பள்ளி விடுமுறையில் சுங்கை வே வட்டாரக் குடும்பங்கள் பல லங்காவிக்குச் செல்வதுண்டு. அங்குப் படகேறி டாயாங் புந்திங் தீவின் நன்னீர் ஏரியைக் காண்போர், நீராடிப் படமெடுத்துத் திரும்புகின்றனர். அவ்வேரி முன்னொரு காலத்தில் குகையாக இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோர் சிலரே.

'டாயாங் புந்திங்' என்றால் கருவுற்ற மங்கை என்று பொருள். மம்பாங் சாரி என்னும் தேவகன்னி, மாட் தேஜா என்னும் மானிடனை மணந்தாள். பிறந்த குழந்தை சில நாள்களில் இறக்கவே, அதனை இவ்வேரியில் சேர்த்தாள் என்பது மலாய் மக்களின் பழங்கதை. பிள்ளைப் பேறு வேண்டுவோர் இங்கு நீராடும் வழக்கம் இதிலிருந்து தோன்றியது.

பாறை கூறும் கதை வேறு. இத்தீவின் சுண்ணாம்புப் பாறை 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கடலடியில் படிந்தது. பின்னர், பூமிக்குள்ளிருந்து எழுந்த கருங்கற் குழம்பின் வெப்பத்தால் சலவைக் கல்லாக மாறியது. மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வலுக்குறைந்த அமிலமாகிப் பாறையை அரித்தது, குகை உண்டாயிற்று. காலப்போக்கில் அதன் கூரை இடிந்து விழ, பள்ளத்தில் மழைநீர் தேங்கி ஏரியாயிற்று. லங்காவி 2007-ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஆதரவு பெற்ற உலகப் புவிப்பூங்காக்களின் வரிசையில் சேர்ந்ததற்கு இத்தகைய பாறைகளும் ஒரு காரணம்.

இதே நிகழ்வை நம் பிள்ளைகள் அருகிலேயே கண்டிருக்கின்றனர். பத்துமலையில் 272 படிகளேறிக் கோயிற் குகையின் உட்பகுதிக்குச் சென்றால் தலைக்கு மேல் வானம் தெரியும். அதுவும் கூரை இடிந்த இடமே. குகையின் தளம் உயரத்தில் இருப்பதால் அங்கு நீர் தேங்கவில்லை. 1891-இல் கா. தம்புசாமிப் பிள்ளை அங்கு முருகனுக்குக் கோயில் எழுப்பினார். 1892 முதல் தைப்பூசம் நடைபெறுகிறது.

கிரேக்க நாட்டின் கெபலோனியாத் தீவிலுள்ள மெலிசானி ஏரியும் இவ்வாறு உருவானதே. 1951-இல் மீண்டும் கண்டறியப்பட்ட அக்குகையில், பண்டைய மக்கள் தங்கள் தெய்வங்களுக்குப் படைத்த களிமண் உருவங்களும் விளக்குகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. இருளிலிருந்து ஒளி இறங்கும் இடத்தில் மனிதன் கைகூப்பியது நம் நாட்டில் மட்டுமன்று!

எனவே, பழங்கதையைக் கதையாகவும் பாறையின் வரலாற்றை அறிவியலாகவும் பிள்ளைகளுக்குச் சொல்வோம். ஒன்றைச் சொல்வதற்காக மற்றொன்றை இகழ வேண்டியதில்லை. அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. பத்துமலையின் ஒரு பகுதி கல்லுடைப்பினால் அழிந்தது. 1980-ஆம் ஆண்டுவாக்கில்தான் அப்பணி நின்றது. குகையில் விழுதுபோல் தொங்கும் பாறை 10 சென்டிமீட்டர் வளர ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆகலாம். அதனை உடைத்து வீட்டுக்குக் கொண்டுவர ஒரு நொடி போதும்.

அடுத்த முறை பத்துமலைக்குச் செல்லும்போது, உட்குகையில் சற்று நின்று, பிள்ளைகளை மேலே நோக்கச் சொல்லுங்கள். இந்த வானம் எப்படி உள்ளே வந்தது என்று கேளுங்கள். அவர்கள் விடை தேடத் தொடங்கினால், அதுவே சிறந்த வரலாற்றுப் பாடம்.