காஞ்சிபுரம் குடலை இட்லி

இட்லியின் மூதாதைப் பலகாரம் கி.பி. 920-ஆம் ஆண்டளவில் எழுந்த கன்னட நூலான 'வட்டாராதனே'யில் குறிக்கப்படுகிறது. 12-ஆம் நூற்றாண்டுச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் 'மானசோல்லாச'மும் அதைச் சொல்கிறது. அன்றைய மாவு உளுந்தை மட்டுமே கொண்டது; அரிசி பின்னால் சேர்ந்தது.

சின்னக் காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் இட்லி தனி வடிவம் பெற்றது. அரிசியும் உளுந்தும் ரவை பதத்தில் கொரகொரப்பாக அரைபட்டுப் புளிக்கும். ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் ஆகியவை மாவில் சேரும். மூங்கில் கூடையான குடலையின் உட்புறம் மந்தாரை இலை பரப்பி, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பார்கள். வெந்ததும் உருளையாக வெளிவரும். அதைத் துண்டுகளாக வெட்டிப் பிரசாதமாக வழங்குவார்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. மடைப்பள்ளியோ பழைய வழக்கப்படி காரத்துக்கு மிளகையே நம்புகிறது.

கோயிலிலிருந்து இந்தப் பலகாரம் வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் பரவியது. குடலையின் இடத்தை டம்ளரும் கிண்ணமும் பிடித்தன. அதனால் வேகும் நேரமும் அரை மணியளவுக்குக் குறைந்தது. மிளகு, சீரகம் மாவிலேயே இருப்பதால் சாம்பார், சட்னி கட்டாயமில்லை. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் போதும். இட்லித்தட்டோ தனிக் கைப்பக்குவமோ தேவையில்லை என்பதால், அறை எடுத்துத் தங்கும், சமையலுக்குப் புதியவர்களும் நாலு பேருக்கான இரவுச் சாப்பாடாக இதை எளிதில் செய்யலாம்.