கப்பல் சீட்டும் சேமநிதியும்

மலாயாத் தோட்டங்களில் உழைத்து முதுமையடைந்த தமிழனுக்கு முற்காலத்தில் கிடைத்த உபகாரச் சம்பளம் யாது? கப்பல் சீட்டு ஒன்றே. 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி என்பது ஏற்பட்டது. தோட்ட முதலாளிமார் தம்மிடமுள்ள ஆட்களின் தொகைக்கேற்ப அதற்கு வரி செலுத்தினர். ஆட்களைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்தது அப்பணமே. உழைக்கச் சக்தியற்றவர்களைத் திருப்பியனுப்பியதும் அப்பணமே. இங்கேயே தங்கிவிட்ட கிழவனுக்கு, மிஞ்சினால், ஆதரவற்றோர் விடுதி. 1930க்குப் பின் ரப்பர் விலை வீழ்ந்த காலத்திலோ, கிழவர் மட்டுமன்றித் திடகாத்திரமுள்ளவரும் பல்லாயிரவராக நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் ஏற்றியனுப்பப்பட்டனர்.

அரசாங்க உத்தியோகஸ்தருக்குப் பென்ஷன் இருந்தது. மற்றையோருக்கு வழி பிறந்தது 1951இல், ஊழியர் சேமநிதிச் சட்டத்தால். தொடக்கத்தில் சம்பளத்தில் தொழிலாளி நூற்றுக்கு 5, முதலாளி நூற்றுக்கு 5 கட்டவேண்டியிருந்தது. இது பென்ஷன் அன்று. அவரவர் பெயரில் சேர்ந்த பணம் இலாப ஈவுடன் 55 வயதில் கைக்கு வருவது. தலைக்கு இவ்வளவு என்று எண்ணப்பட்ட கூலிக்குத் தன் பெயரிலேயே ஒரு கணக்கு! துரையின் தயவோ கங்காணியின் சிபாரிசோ அதற்கு வேண்டியதில்லை. இதை நம்மவர் போதுமான அளவு மதித்தாரில்லை என்பதே நமது எண்ணம்.

ஆயினும் கூலி சிறுத்தால் நிதியும் சிறுக்கும். மாதம் 60 வெள்ளி பெறுபவனை எடுத்துக்கொள்வோம். அவன் பங்கு 3, முதலாளி பங்கு 3. இருபது ஆண்டில் ஈவு நீங்கலாக 1,440 வெள்ளி. அதுவும் மாதந்தவறாமல் முழுக்கூலி கிடைத்தால்தான். மழையால் பால்வெட்டு நின்ற நாளில் நாட்கூலியுமில்லை, நிதியுமில்லை. குறைந்தபட்சச் சம்பளம் சட்டப்படி 900 ரிங்கிட் என்று தீபகற்பத்தில் நடைமுறைக்கு வந்தது 2013இலேதான்.

1968ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையற்றோர் வேலை அனுமதி பெறவேண்டுமென்றது. அதனால் 1969 முதற்கொண்டு எத்தனையோ பேர் சேமநிதியை எடுத்துக்கொண்டு ரஜூலா முதலிய கப்பல்களில் ஊர் திரும்பினர். முதுமைக்கென்று சேர்த்தது வழிச்செலவாயிற்று. ஒரு பேதம் உண்டு: முன்னவர் பிறர் பணத்தில் அனுப்பப்பட்டனர், இவர்கள் தம் பணத்தில் போயினர். பேதம் பெரிதுதான், துக்கமும் பெரிதுதான்.

சிங்கப்பூரில் 1955இல் மத்திய சேமநிதி தொடங்கியபோதும் இதே 5க்கு 5தான். ஆனால் 1968 முதல் அங்கே அப்பணத்தைக் கொண்டு அரசாங்க அடுக்குமாடி வீடு வாங்க இடமளித்தனர். மலேசியாவிலும் பின்னர் வீட்டிற்கென எடுக்க வழி செய்தனர். தோட்டத்துக் கணக்கில் எடுக்க என்ன இருந்தது? இலயத்து வீடு தோட்டத்திற்குச் சொந்தம், வேலை இருக்கும்வரைதான் குடியிருப்பு. 55 வயது நிறைந்து வேலையை விட்டவன் வீட்டையும் விடவேண்டும். கூரைக்கும் கஞ்சிக்கும் அவனிடம் இருந்தது அந்த ஒரே பணம்.