மனரம்மியம் கற்ற இருவர்

மழை பொய்த்த ஆண்டுகளில் தர்மபுரி மாவட்டக் கிராமச் சபைகளில் போதகராகிய நாம் விரும்பி எடுத்துக்கொள்ளும் பகுதி, பிலிப்பியர் நிருபத்தின் 4ஆம் அதிகாரமாகும். எந்நிலையிலும் மனரம்மியமாயிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகப் பவுல் அங்கே சாட்சி பகருகிறார். ஆயினும் குறைவில் வாழக் கற்றதை மட்டும் பிரசங்கித்து, நிறைவில் வாழக் கற்றதை நாம் விட்டுவிடுகிறோம். இரண்டையும் கற்ற இருவரின் சரித்திரம் நமக்கு அண்மையிலேயே உண்டு.

தர்மபுரிக்கு வடகிழக்கேயுள்ள திருப்பத்தூர், 1911 வரை தர்மபுரியைப் போலவே சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வூரில் 1921ஆம் ஆண்டு டாக்டர் சவரிராயன் இயேசுதாசனும் டாக்டர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஸ்தாபித்தனர். இந்தியப் புராட்டஸ்டண்டு திருச்சபையில் தோன்றிய முதல் ஆசிரமங்களுள் அது ஒன்று. பேட்டன், ஸ்காட்லாந்தின் அல்லோவா நகரில் கம்பளி நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். இயேசுதாசனோ பிரித்தானியாவில் மருத்துவம் பயின்ற தமிழர். பொருளும் புகழும் தேட அவருக்கு வழி திறந்திருந்தது. இருவரும் விவாகமின்றி, கதருடுத்தி, மரக்கறி உணவுண்டு, கிராமத்து ஏழைகளுக்கு வைத்தியம் செய்தனர். மக்கள் இயேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தனர். ஆளும் இனத்தவர் தம்பியாய் நின்றது அக்காலத்தில் சிறு காரியமன்று.

அதற்குரிய விலையையும் அவர் செலுத்தினார். 1932இல், அந்நியத் துணி மறியல் நடந்த நாட்களில், சென்னைத் தெருவில் கதருடையில் நின்ற பேட்டனைக் காவலர் அடித்து, அவர்மீது வண்ண நீரைப் பீய்ச்சினர். பிரித்தானியப் பாராளுமன்றத்தில் இதுகுறித்துக் கேள்வி எழுந்தது; அவர்மேல் தொடரப்பட்ட வழக்கும் கைவிடப்பட்டது. அவரோ திருப்பத்தூருக்குத் திரும்பி, தம் நோயாளிகளிடையே ஊழியத்தைத் தொடர்ந்தார்.

இங்கு ஓர் ஆட்சேபணை எழலாம். இவர்களுடைய எளிமை தாங்களே தெரிந்துகொண்டது. நம் மாவட்டத்து விவசாயக் கூலியின் வறுமையோ அவர்மேல் சுமத்தப்பட்டது. இரண்டும் ஒன்றாகுமா? ஆகா. பசித்தவனிடம் மனரம்மியத்தைப் போதித்துவிட்டுப் போவது சுவிசேஷமன்று. ஆசிரமத்தாரும் அவ்வாறு செய்யவில்லை. தங்கள் நிறைவைக் குறைத்துக்கொண்டு, பிறருடைய குறைவைத் தீர்க்க மருத்துவமனை அமைத்தார்கள். தங்கள்மட்டில் போதுமென்றார்கள், பிறருடைய நோயைக் கண்டு போதுமென்றிருக்கவில்லை.

மனரம்மியத்துக்குப் பவுல் வழங்கிய கிரேக்கச் சொல், ஸ்தோயிக்க ஞானிகளிடம் எவரையும் சாராத தன்னிறைவைக் குறித்தது. பவுலோ கிறிஸ்துவின் பெலத்தைச் சார்ந்தார். எப்பாப்பிரோதீத்துவின் கையால் வந்த காணிக்கையையும் நன்றியோடு ஏற்றார். ஆகவே கிறிஸ்தவ மனரம்மியம் தனித்திருந்து கற்கும் பாடமன்று; கொடுத்தும் பெற்றும் ஒரே குலமாய் வாழ்ந்து கற்பது. 'கிறிஸ்துகுலம்' என்னும் பெயரே இதற்குச் சாட்சி.

உடன் ஊழியரே, ஏழையின் வீட்டில் இவ்வதிகாரத்தைத் திறக்குமுன், நம்முடைய நிறைவில் நாம் என்ன கற்றோம் என்று முதலாவது நம்மையே கேட்டுக்கொள்வோமாக.