பால் நிறத்துப் பாட்டில்

கிளாவரையில் பூண்டுக் காட்டுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த சித்தப்பா ஒருநாள் சுருண்டு விழுந்தார். "வாயில எண்ணெய ஊத்துங்கடா, வெசம் முறிஞ்சிரும்" என்று அப்பத்தா கத்தினார். மயங்கிக் கிடப்பவர் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று தடுத்தவர் ஜீப்காரர். கொடைக்கானல் 40 கிலோமீட்டருக்கு மேல். சித்தப்பாவைக் காப்பாற்றியது அட்ரோபின் ஊசி.

பல வருடம் கழித்து, ஆபரேஷன் தியேட்டரில் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் வாரம், அவசர அலமாரியில் பால் மாதிரி ஒரு பாட்டிலைப் பார்த்தேன். "மரப்பு ஊசி விஷமாயிட்டா இத ஏத்துவோம். எண்ணெய்தான்" என்றார் சீனியர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

உண்மையில் அது சோயா எண்ணெய். முட்டைக் கருவின் கொழுப்பும் கிளிசரினும் சேர்த்து நுண்துளிகளாக்கியது. 1960களில் ஸ்வீடனின் ஆர்விட் ரெட்லிண்ட், சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு நரம்பு வழியே ஊட்டக் கொண்டுவந்த உணவு. விஷமுறிவு மருந்தாக அது வரவில்லை.

அமெரிக்காவில் கை வைன்பெர்க் என்ற மயக்கவியல் மருத்துவருக்கு ஒரு சந்தேகம். பியூபிவகைன் என்ற மரப்பு மருந்து தவறி ரத்தத்தில் கலந்தால் இதயத்தை நிறுத்திவிடும்; மாற்று மருந்து கிடையாது. கார்னிடின் குறைபாடுள்ள ஒருவரின் இதயம் மிகக் குறைந்த அளவுக்கே தடுமாறியதை அவர் பார்த்திருந்தார். கொழுப்பை எரிக்க உதவுவது கார்னிடின். அப்படியானால் கொழுப்பு கூடினால் விஷமும் கூடும்தானே? எலிகளுக்குக் கொழுப்பை ஏற்றிப் பார்த்தார். நேர் எதிராக நடந்தது: கொழுப்பு ஏறிய எலிகள் அதிக விஷத்தைத் தாங்கின. 1998இல் வெளியான அந்த ஆய்வு, தப்பாகப் போன ஒரு கணிப்பின் பலன். எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த இடமே அதுதான்.

2003இல் நாய்களிடமும் பலித்தது. 2006இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையிலிருந்து மனிதரிடம் பலித்த முதல் செய்தி வந்தது: தோள் அறுவைக்கு மரப்பு ஊசி போட்ட 58 வயதுக்காரரின் இதயம் நின்று, சுமார் 20 நிமிடம் போராடியும் திரும்பவில்லை. 100 மில்லி ஏற்றினார்கள். துடிப்பு வந்தது.

கொழுப்பில் கரையும் விஷத்தை அந்தத் துளிகள் இதயத்திலிருந்து இழுத்து, ஈரலுக்குச் சுமந்து போகின்றன என்கிறார்கள். வேறு சில மருந்துகள் அளவு மீறும்போதும் கடைசி முயற்சியாக ஏற்றுகிறார்கள். பூச்சிமருந்துக்கு மட்டும் இன்னும் உறுதியான சான்றில்லை. அங்கே முதலில் அட்ரோபின்தான்.

போன பொங்கலுக்கு அப்பத்தாவிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப நாஞ்சொன்னது சரிதானடா?"

"பாதி சரி அப்பத்தா. வாயில இல்ல, நரம்புல. அதுவும் வேற விஷத்துக்கு."

"பாதி என்னடா பாதி" என்று பூண்டு உரிக்கப் போய்விட்டார்.